இடக்கையால் வென்ற காரோய் தகாச்

ஒலிம்பிக் பந்தயங்களின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு 1948ஆம் ஆண்டின் லண்டன் பந்தயம் தனித்துத் தெரியும். சுதந்திர இந்தியா தன் சொந்தக் கொடியின் கீழ் முதன்முறையாகக் கலந்துகொண்டு, ஹாக்கி ஆட்டத்தில் பிரிட்டனையே வென்று தங்கப் பதக்கம் பெற்ற பந்தயம் அது. அதே பந்தயத்தில், லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள பிஸ்லி என்னும் ஊரின் சுடுதளத்தில், முப்பத்தெட்டு வயதான ஹங்கேரி நாட்டு இராணுவ வீரர் ஒருவர் கைத்துப்பாக்கியை இடக்கையில் ஏந்தி நின்றார். பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உடையவர் அல்லர் அவர். பத்தாண்டுகளுக்கு முன்பு வரை வலக்கையால் சுட்டு, தம் நாட்டின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவராக விளங்கியவர். அந்த வலக்கை இப்போது துப்பாக்கி பிடிக்க உதவாது. அவர்தாம் காரோய் தகாச். ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் படிப்போர் காரோலி டகாக்ஸ் என்பர். அவர் ஊரார் அழைக்கும் வண்ணமே நாமும் அழைப்போம்.

கன்னியர் மடத்துப் பள்ளியின் ஆண்டு மலரில் துப்பாக்கி வீரருக்கு என்ன வேலை என்று சில பெற்றோர் புருவத்தை உயர்த்தக்கூடும். நியாயமான கேள்விதான். நமது மறையோ வில்லையும் பீரங்கியையும் அறியாத மறையன்று. அம்புகளால் துளைக்கப்பட்ட புனித செபஸ்தியாரை வில்லாளிகளும், புனித பார்பரம்மாளைப் பீரங்கிப் படையினரும் தங்கள் பாதுகாவலராகக் கொண்டுள்ளனர். புனித தோமையார் மலையின் அடிவாரத்தில் இன்று நம் நாட்டு இராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சியளிக்கும் கழகம் இயங்குகிறது. 1992 முதல் அங்கே பெண்களும் பயிற்சி பெற்று அதிகாரிகளாக வெளிவருகின்றனர். தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலில் ஏறினால் எட்டிவிடும் தூரம். எனினும் நாம் கூறப்போவது போர்க்கதையன்று. அட்டையில் வரைந்த வட்டத்தைத் துளைக்கும் விளையாட்டைப் பற்றியும், அதற்கேற்ற கருவியைப் பற்றியும், அக்கருவியைப் பிடிக்கும் கையே போய்விட்டால் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றியுமே கூறப்போகிறோம்.

காரோய் தகாச் 1910ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். இளமையிலேயே இராணுவத்தில் சேர்ந்தார். அங்கே கைத்துப்பாக்கிப் பயிற்சியில் அவருடைய கண்ணும் கையும் ஒன்றுபட்டு இயங்குவதை மேலதிகாரிகள் கண்டுகொண்டனர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் நெருங்கிய வேளையில் உலகத் தரத்தில் சுடுபவராக அவர் வளர்ந்திருந்தார். ஆனால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் சார்ஜெண்ட் நிலையில் இருந்தவர். ஹங்கேரி இராணுவத்தின் அன்றைய விதியோ, ஆணை பெற்ற அதிகாரிகள் மட்டுமே ஒலிம்பிக்கில் பங்கேற்கலாம் என்றது. திறமை இருந்தும் தோளில் பட்டை இல்லை என்பதனால் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். பெர்லின் பந்தயத்திற்குப் பின் அவ்விதி நீக்கப்பட்டது. 1940இல் டோக்கியோவில் நடக்கவிருந்த பந்தயத்தை எண்ணி அவர் பயிற்சியைத் தொடர்ந்தார்.

அவர் தேர்ந்துகொண்ட போட்டி எத்தகையது என்பதை இங்கே சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அதற்கு விரைவுச் சுடுபோட்டி என்று பெயர். இருபத்தைந்து மீட்டர் தொலைவில் ஐந்து அட்டைகள் வரிசையாக நிற்கும். வீரர் துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்துக் காத்திருப்பார். அட்டைகள் திரும்பி முகம் காட்டியதும் கையை உயர்த்தி, ஐந்துக்கும் ஒவ்வொன்றாக ஐந்து குண்டுகள் சுடவேண்டும். முதலில் எட்டு விநாடி, அடுத்து ஆறு விநாடி, கடைசியில் நான்கே விநாடி. ஒரு திருநாமத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து குறிகள்! மொத்தம் அறுபது குண்டுகள், அறுநூறு புள்ளிகள். அக்காலத்து அட்டைகள் மனித உருவில் அமைந்திருந்தன. பின்னாளில் அவை நீக்கப்பட்டு வட்டங்கள் மட்டுமே வரையப்பட்டன. அம்மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

இப்போட்டிக்குச் சட்டைப்பையில் அடங்கும் சிறு பிஸ்டல் பயன்படாது. ஏன் என்பதை நம் மாணவியர் கணக்குப் போட்டே கண்டுகொள்ளலாம். பிஸ்டலின் நுனியில் முன்குறி என ஒரு சிறு தகடு உண்டு. பின்புறத்தில் பின்குறி என ஒரு பிளவு உண்டு. பிளவின் நடுவே தகடு சமமாகத் தெரியுமாறு பிடிப்பதே குறி பார்த்தல். அப்போது கண் முன்குறியையே கூர்ந்து நோக்கவேண்டும். அட்டை சற்று மங்கலாகத் தெரிந்தால் தவறில்லை. புதிதாகப் பழகுவோர் இதை நம்பமாட்டார்கள். இவ்விரு குறிகளுக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர் என வைத்துக்கொள்வோம். முன்குறி ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 25 மீட்டருக்கு அப்பால் குண்டு பன்னிரண்டரை சென்டிமீட்டர் விலகிப் போகும். இடைவெளி 10 சென்டிமீட்டரே உள்ள சிறு பிஸ்டலில் அதே பிசகு 25 சென்டிமீட்டர் விலக்கிவிடும். பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டமோ இன்றைய விதிப்படி இப்போட்டியில் 10 சென்டிமீட்டர்தான். நீண்ட, முழு அளவுள்ள பிஸ்டலை வீரர்கள் நாடுவதற்கு முதற்காரணம் இதுவே. இவ்வளவு என்று அதற்கும் வரம்பு உண்டு: 25 மீட்டர் போட்டிகளுக்கான பிஸ்டலில் குழல் 153 மில்லிமீட்டருக்கும், குறிகளின் இடைவெளி 220 மில்லிமீட்டருக்கும் மேற்படக்கூடாது என்று பன்னாட்டு விதி கூறுகிறது.

அடுத்தது எடை. கனமான பிஸ்டல் கையில் நடுங்காது. சுட்டபின் துள்ளுவதும் குறைவு. ஆனால் மீண்டும் மீண்டும் உயர்த்தவேண்டிய தோள் சோர்ந்துவிடும். 1,400 கிராமுக்கு மேல் இருத்தலும் ஆகாது. தகாச் காலத்தில் 0.22 அங்குல விட்டமுள்ள குட்டைத் தோட்டாவைப் பயன்படுத்தினர். அதில் மருந்து குறைவு, துள்ளலும் குறைவு. அடுத்த அட்டைக்குக் கையைத் திருப்ப அரை விநாடியும் கிடைக்காத போட்டியில் அது பேருதவி. 2005 முதல் விதி மாறி, சற்று நீண்ட தோட்டாவே ஏற்கப்படுகிறது.

மூன்றாவது விசை. விரல் இழுக்கும்போது விசை சொரசொரப்பின்றி, கண்ணாடித் துண்டு முறிவதுபோல் ஒரே நொடியில் விடுபடவேண்டும். விசை கடினமாயின் இழுக்கும் விரல் முழங்கை வரை அசைத்துவிடும். மிக இலகுவாயின் நினைக்குமுன் வெடித்துவிடும். ஆகவேதான் 25 மீட்டர் போட்டிக்கு ஆயிரம் கிராம், பத்து மீட்டர் காற்று பிஸ்டலுக்கு ஐந்நூறு கிராம் என்று குறைந்தபட்ச எடையைத் தொங்கவிட்டுச் சோதிக்கின்றனர்.

ஒரு பிஸ்டல் துல்லியமானதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அதை ஒரு பிடியில் இறுக்கி, அசையாமல் வைத்து, ஒரே வகைத் தோட்டாவால் பத்து முறை சுட்டுப் பார்ப்பர். பத்துத் துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்திற்குள் அடங்கினால் நல்ல கருவி. அந்தத் துளைக் கூட்டம் நடுவில் இல்லாமல் ஓரமாக விழுந்திருந்தாலும் கவலையில்லை. பின்குறியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். நாலாபுறமும் சிதறியிருந்தால்தான் அந்தக் கருவியோ தோட்டாவோ ஆகாது.

இவை யாவற்றினும் முக்கியமானது கைப்பிடி. போட்டி பிஸ்டலின் பிடியை வாதுமை மரத்தில் செய்து, வீரரின் உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் தக்கவாறு அரத்தால் ராவுவர். குழிந்த இடத்தில் மரப்பசை பூசி நிரப்புவர். தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுப்பதுபோல்தான் இதுவும். ஒருவருக்குச் சரியான பிடி மற்றவருக்குக் கடன் வாங்கிய செருப்பு. எவ்வளவு விலையுயர்ந்த பிஸ்டலாயினும் பிடி பொருந்தாவிடில், ஒவ்வொரு முறையும் கை வேறு வேறு இடத்தில் அமர்ந்து குறி கெடும். பிடி பொருந்திய பின்னரே பிஸ்டல் தன் துல்லியத்தைக் காட்டும்.

இனி 1938ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு மே மாதம் புடாபெஸ்ட் நகரில் உலக நற்கருணை மாநாடு நடைபெற்றது. பின்னாளில் பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் பெயருடன் திருத்தந்தையான கர்தினால் பச்சேல்லி, திருத்தந்தையின் பிரதிநிதியாக அங்கே வந்திருந்தார். 1964இல் பம்பாயில் நடந்த அதே மாநாட்டைப் பற்றி நம் மூத்த அருட்சகோதரியர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புடாபெஸ்ட் அத்தகைய விழாக்கோலம் பூண்ட அதே ஆண்டில், இராணுவப் பயிற்சியின்போது பழுதான கையெறிகுண்டு ஒன்று தகாச்சின் வலக்கையிலேயே வெடித்தது. கை சிதைந்தது. உயிர் தப்பியது, கைத்துப்பாக்கி வீரர் என்னும் வாழ்வு முடிந்தது என்றே எல்லாரும் கருதினர்.

மருத்துவமனையில் படுத்த படுக்கையாக அவர் என்ன எண்ணினார் என்று கற்பனை செய்து எழுத நாம் விரும்பவில்லை. செய்தது தெரியும்: யாரிடமும் சொல்லாமல் இடக்கையால் பழகத் தொடங்கினார்.

கை மாறுவது என்றால் எழுதுகோலை அடுத்த கைக்கு மாற்றுவது போன்றது மட்டுமன்று. வலக்கைக்காகச் செதுக்கிய பிடி இடக்கைக்குப் பொருந்தவே பொருந்தாது. கட்டைவிரல் அமரவேண்டிய மேடு எதிர்ப்புறத்தில் இருக்கும். சுட்டதும் காலித் தோட்டாவை வலப்புறம் எறிகின்ற பிஸ்டலை இடக்கையில் பிடித்தால், அது முகத்தின் குறுக்கே பறக்கும். வலக்கண்ணால் குறிபார்த்துப் பழகியவர் இடக்கையை நீட்டும்போது தலையைத் திருப்பவேண்டும், அல்லது கண்ணையே மாற்றவேண்டும். நிற்கும் கோணம், கால்களின் அகலம், மூச்சை நிறுத்தும் நேரம் யாவும் புதிதாகக் கற்கவேண்டியவை. இருபத்தெட்டு வயதில், ஏற்கெனவே தேர்ந்துவிட்ட ஒருவர், முதல் வகுப்புக் குழந்தைபோல் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். தேர்ந்தவர்க்கு அது இன்னும் கடினம் என்றே நமக்குத் தோன்றுகிறது. தம் தவறு எவ்வளவு பெரிது என்பது அவர்க்கே நன்கு தெரியுமல்லவா?

நம் வீடுகளில் இடக்கைப் பழக்கமுள்ள பெண் குழந்தைகள் படும் பாட்டை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். பீச்சாங்கை என்று ஏசுவதும், அந்தக் கையால் எதையும் கொடுத்தால் வாங்க மறுப்பதும், எழுதும்போது விரலில் தட்டுவதும் இன்னும் சில வீடுகளில் நின்றபாடில்லை. உண்ணும் கை எது என்பதில் நம் மரபு இருந்துவிட்டுப் போகட்டும். பென்சில் பிடிக்கவும் ஊசி கோக்கவும் இடக்கை வசப்பட்ட குழந்தையை மல்லுக்கட்டி மாற்றுவதை நாம் ஏற்கவில்லை. ஹங்கேரியரோ வேண்டுமென்றே, விபத்தின் காரணமாக, அந்தக் கையைத் தேடிப் போனவர்.

1939இன் இளவேனிலில் ஹங்கேரியின் தேசியக் கைத்துப்பாக்கிப் போட்டி நடந்தது. தகாச் அங்கே வந்ததைக் கண்ட பழைய நண்பர்கள், நொந்த மனத்தோடும் நம்மைப் பார்க்க வந்தாரே என்று நெகிழ்ந்து ஆறுதல் கூறினராம். அவர் பார்க்க வரவில்லை, போட்டியிட வந்தார் என்பது பின்னரே தெரிந்தது. இடக்கையால் சுட்டு அப்போட்டியில் முதற்பரிசை வென்றார். அதே ஆண்டு உலகப் போட்டியில் வென்ற ஹங்கேரி அணியிலும் இடம்பெற்றார். விபத்து நடந்து ஓராண்டளவே ஆகியிருந்தது.

அடுத்து ஒலிம்பிக்தானே? உலகப் போர் மூண்டது. 1940ஆம் ஆண்டுப் பந்தயம் நின்றது. 1944ஆம் ஆண்டுப் பந்தயமும் நின்றது. புடாபெஸ்ட் நகரம் முற்றுகைக்கு உள்ளாகி, டான்யூப் ஆற்றின் பாலங்களெல்லாம் தகர்க்கப்பட்டன. 1936இல் விதி தடுத்தது, பிறகு விபத்து, அதன்பின் போர். இருபத்தாறு வயதில் போகவேண்டிய பந்தயத்திற்கு முப்பத்தெட்டு வயதில்தான் போக முடிந்தது.

பிஸ்லியில் வெல்வார் என எல்லாரும் எதிர்பார்த்தவர் அர்ஜென்டினா நாட்டின் உலக வீரரான சாயென்ஸ் வாலியெந்தே. அவர் தகாச்சைக் கண்டு வியந்து, லண்டனுக்கு எதற்காக வந்தீர் என வினவியதாகவும், கற்றுக்கொள்ள வந்தேன் எனத் தகாச் அடக்கமாக விடையிறுத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. போட்டி முடிந்தபோது தகாச் பெற்றவை 580 புள்ளிகள். அதுவரை இருந்த உலகச் சாதனையைப் பத்துப் புள்ளிகளால் விஞ்சிவிட்டார். அர்ஜென்டினா வீரர் 571 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றார். பரிசு மேடையில் அவர் தகாச்சை வாழ்த்தி, கற்றது போதும் என்று நகைச்சுவையாகக் கூறினாராம். கதை சற்றே மெருகேறியிருக்கலாம். புள்ளிகள் பதிவேட்டில் உள்ளவை.

நான்காண்டு கழித்து 1952இல் ஹெல்சிங்கியில் மீண்டும் போட்டியிட்டு 579 புள்ளிகளுடன் மீண்டும் தங்கம் வென்றார். இப்போட்டியில் இருமுறை தொடர்ந்து வென்ற முதல் வீரர் அவரே. ஒரே ஒரு புள்ளி குறைவாக, 578 பெற்று வெள்ளிப் பதக்கம் பெற்றவர் யார் தெரியுமா? சிலார்த் குன் என்னும் பதினேழு வயது ஹங்கேரிச் சிறுவர். தகாச்சிடம் பயிற்சி பெற்றவர்! ஆசிரியரும் மாணவரும் ஒரு புள்ளி இடைவெளியில் நின்ற அந்தக் காட்சி, ஆசிரியப் பணியில் இருப்போர் அனைவரையும் நெகிழச் செய்யும்.

1956ஆம் ஆண்டு மெல்போர்னில் அவர் எட்டாம் இடமே பெற்றார். அவ்வாண்டின் இறுதியில்தான் ஹங்கேரியில் மக்கள் எழுச்சி தோன்றி, சோவியத் டாங்கிகளால் நசுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டு டிசம்பரில் சிறைபிடிக்கப்பட்ட கர்தினால் மிந்த்சென்தி அவ்வெழுச்சியின்போது விடுபட்டு, அமெரிக்கத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்து பதினைந்து ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அத்தகைய நாள்களில் ஊரை விட்டு வந்து ஆஸ்திரேலியாவில் குறிபார்த்து நின்றவர்களுள் தகாச்சும் ஒருவர். வயதும் நாற்பத்தாறாகிவிட்டது. எட்டாமிடத்தை நாம் குறைவாக மதிக்கவில்லை. தம் நாட்டில் முப்பத்தைந்து முறை தேசிய விருது வென்று, லெப்டினன்ட் கர்னல் நிலைக்கு உயர்ந்து, பிறருக்குப் பயிற்சியளித்து வாழ்ந்த அவர், 1976ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் புடாபெஸ்டில் காலமானார். சார்ஜெண்ட் என்று சொல்லி ஒதுக்கிய அதே இராணுவம்தான் அவரைக் கர்னலாக்கியது.

அவர் காலத்தில் ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் மகளிர்க்கெனத் தனி இடம் இருந்ததில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில்தான் மகளிர் பிஸ்டல் போட்டி முதன்முதலில் நடந்தது. தங்கம் வென்றவர் கனடாவின் லிண்டா தாம், குழந்தைகளை வளர்ப்பதற்காகச் சில ஆண்டுகள் விளையாட்டை விட்டிருந்து திரும்பி வந்தவர். தகாச் வென்ற அதே விரைவுச் சுடுபோட்டியில், அதே லண்டன் நகரில், 2012இல் நம் இராணுவத்தின் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2024இல் பாரிஸ் நகரில் மனு பாக்கர் காற்று பிஸ்டலில் இரு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் டோக்கியோவில் போட்டியின் நடுவே அவருடைய பிஸ்டல் பழுதுபட்டு, விலைமதிப்பற்ற நிமிடங்கள் கழிந்து, இறுதிச் சுற்றுக்குப் போகாமலே திரும்பியவர். கருவியைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதியது வீண் என்று யாரேனும் நினைத்தால் அந்நிகழ்ச்சியை நினைவூட்டுவோம்.

நம் வட்டாரமும் பின்தங்கியதன்று. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு மாவட்டத்து ஒத்திவாக்கத்தில் உள்ள காவல்துறைச் சுடுதளத்தில், 2023இல் அகில இந்திய அளவில் பெண் காவலர்களுக்கான போட்டி நடந்தது. என்.சி.சி. மகளிர் பிரிவு 1949இல் தொடங்கியதிலிருந்து பள்ளி, கல்லூரி மாணவியர் பலர் தரையில் படுத்து 0.22 ரைபிளால் சுட்டுப் பழகி வந்துள்ளனர். ரைபிளிலிருந்து பிஸ்டலுக்கு வர விரும்பும் மாணவியர்க்கும், அவர்தம் பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம்: உடனே எதையும் வாங்கிவிடாதீர்கள். பத்து மீட்டர் காற்று பிஸ்டலில் தொடங்குங்கள். அதில் வெடிமருந்து இல்லை. நான்கரை மில்லிமீட்டர் ஈயக்குண்டைக் காற்றின் அழுத்தமே தள்ளுகிறது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் பதினொன்றரை மில்லிமீட்டர்தான் என்பதால் விளையாட்டு எளிதாகிவிடாது. சங்கத்தில் உள்ள பிஸ்டல்களில் சில மாதம் பழகிப் பார்க்கவேண்டும். குழல் எப்போதும் அட்டையை நோக்கியே இருத்தல், சுடும் வரை விரலை விசைக்கு வெளியே வைத்தல் ஆகிய இரண்டும் செபம்போல் பழக்கமாகவேண்டும். பிறகே எந்தப் பிஸ்டல் என்ற பேச்சு.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். குண்டில்லாத பிஸ்டலைப் பயிற்சியாளர் முன்னிலையில், அட்டையை நோக்கிப் பிடித்துக்கொண்டு கண்களை மூடிக் கையை உயர்த்துங்கள். பின் கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி பின்குறியின் பிளவுக்குள் தானாகவே வந்து அமர்ந்திருந்தால் பிடி உங்களுக்குப் பொருந்துகிறது. ஒருபுறம் சாய்ந்தோ, மேலே ஏறியோ இருந்தால் பிடியின் கோணத்தை மாற்றவேண்டும், அல்லது வேறு பிஸ்டல் பார்க்கவேண்டும். விலைச்சீட்டைப் பார்ப்பது அதற்குப் பிறகு. இடக்கைப் பழக்கமுள்ள மாணவியர் சங்கத்தில் சேரும்போதே இடக்கைப் பிடி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். வலக்கைப் பிடியையே கொடுத்து, பழகினால் சரியாகிவிடும் என்று கூறினால் ஒப்புக்கொள்ளவேண்டாம். இடக்கைப் பிடிகளைத் தனியாகவே செய்து விற்கிறார்கள். திருகாணியைக் கழற்றினால் மாற்றிவிடலாம்.